தயங்காத கை

தம்பியின் மாலை வகுப்பில் பன்னிரண்டாவதாகச் சேர்ந்த ஆளை அக்காவுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. தண்ணீர் ஃபில்டர் பழுது பார்ப்பதாகச் சொன்னார். அக்கா அவருக்கு ஃபில்டர்காரர் என்று பெயர் வைத்து, ஒரு கண்ணையும் அவர் மேலேயே வைத்தாள்.

அக்கா எட்டாவது வரை படித்தவள். அப்பா போனதும் சட்டை தைக்கும் ஆலையில் சேர்ந்தாள். இருபத்திரண்டு வருடமாக அங்கே செக்கர். விட்டுப்போன தையல், கோணல் பட்டன் எதுவும் அவள் மேசையைத் தாண்டாது. அந்தச் சம்பளத்தில்தான் தம்பி ஆங்கிலம் படித்தான். ஒரு பயிற்சி நிறுவனத்தில் ஆறு வருடமாகத் தற்காலிகமாக விடைத்தாள் திருத்துகிறான். மாலையில் வீட்டு முன்னறையில் டிரைவர்களுக்கும் நர்ஸுகளுக்கும் பாடம் எடுக்கிறான். இப்போது நிறுவனத்தில் நிரந்தர ஆசிரியர் இடம் ஒன்று காலியாகியிருந்தது. இந்த முறை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். மாதக் கடைசியில் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். தலைப்பையும் சொல்லிவிட்டார்கள்: ஆங்கில வார்த்தைக்கு முன்னால் ‘எ’ எங்கே போடுவது, ‘ஆன்’ எங்கே போடுவது.

அதற்குத் தம்பி தானே கண்டுபிடித்த ஒரு வழி வைத்திருந்தான்.

“இங்கிலீஷ் எழுத்தப் பாக்காதீங்க. அந்த வார்த்தையத் தமிழ்ல எழுதுங்க. முதல் எழுத்து உயிரெழுத்தா? ஆன் போடுங்க. இல்லையா? எ போடுங்க. அம்பிரல்லாவுக்கு அ வருது, அதனால ஆன் அம்பிரல்லா. யுனிஃபார்முக்கு யு வருது, அதனால எ யுனிஃபார்ம். ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல முதல் எழுத்து ஒண்ணுதான். கண்ணு ஏமாத்தும், காது ஏமாத்தாது.”

அடுப்படியில் நின்று கேட்டுக் கேட்டு அக்காவுக்கே அது மனப்பாடம்.

தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அவள் வரிசையாக நோட்டுகளைப் பார்ப்பாள். கோடிட்ட இடம் வந்தால் மற்றவர்களின் பேனா நிற்கும், வாய் முணுமுணுக்கும். ஃபில்டர்காரரின் பேனா எங்கும் நிற்கவில்லை. சரியானதையும் தப்பானதையும் ஒரே வேகத்தில் எழுதினார். வகுப்பு முடிந்ததும் முதல் ஆளாகச் செருப்பை மாட்டினார். மற்றவர்கள் உட்கார்ந்து, தங்கள் தப்புகளைத் தம்பியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

“டேய், அந்த ஆளுக்கு எல்லாம் தெரியும்டா. வேணும்னே தப்பா எழுதுறான்.”

“எதுக்குக்கா அப்படிப் பண்ணணும்?”

“அதான் எனக்கும் தெரியணும். தையல் வராத பொண்ணு விடுற தப்பு வேற, சூப்பர்வைசர் மேல கோவத்துல ஒருத்தி விடுற தப்பு வேற. ரெண்டையும் பாத்தவ நான்.”

“நீ சட்டையில குறை பாரு தாயே, மனுஷங்கள விட்டுடு.” தம்பி சிரித்தான். பிறகு யோசித்து, “ஆனா ஒண்ணுக்கா. யாரு தப்பு பண்ணாலும் அது ஏன் வருதுன்னு எனக்குப் பிடிபட்டுடும். இவரு தப்புக்கு மட்டும் காரணமே கிடைக்கல” என்றான்.

மாதிரி வகுப்புக்கு மூன்று நாள் முன்பு தம்பி சான்றிதழ் நகலை வீட்டிலேயே விட்டுப் போனான். அதைக் கொடுக்க நிறுவனத்துக்குப் போன அக்கா, மாடிப்படியில் ஃபில்டர்காரரைப் பார்த்தாள். கழுத்தில் டை, கையில் ஃபைல். அவளைப் பார்த்ததும் அவர் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரை, அதைப் பழுது பார்க்க வந்தவர் போல உற்றுப் பார்த்தார்.

“யாருண்ணே அது?” என்று வாட்ச்மேனிடம் கேட்டாள்.

“அவரா? அந்த வாத்தியார் வேலைக்கு ரெண்டே பேருதாம்மா மிச்சம். உங்க தம்பி ஒருத்தர், அவரு ஒருத்தர்.”

அன்று மாலை வாசலிலேயே வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கக் காத்திருந்தாள். அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

“வருவானா? வாரிக்கிட்டுப் போயாச்சே” என்றாள்.

தம்பியின் முகம் வெளுத்திருந்தது. “காதுல வாங்கினத எப்படிக்கா திருப்பிக் கேக்குறது?”

மாதிரி வகுப்பு நாளில் அக்கா லீவு போட்டுவிட்டு, நிறுவனத்தின் நடையில், வகுப்பறை ஜன்னலை ஒட்டி இருந்த பெஞ்சில் தம்பியோடு உட்கார்ந்தாள். உள்ளே பத்து மாணவர்கள், மூன்று தேர்வாளர்கள். குலுக்கலில் ஃபில்டர்காரருக்கு முதல் வாய்ப்பு.

“அந்த வார்த்தையத் தமிழ்ல எழுதுங்க” என்று உள்ளே குரல் கேட்டது. அதே அம்பிரல்லா, அதே யுனிஃபார்ம். “கண்ணு ஏமாத்தும்” என்று சொல்லி, தம்பி நிறுத்துகிற அதே இடத்தில் நிறுத்தினார். மாணவர்கள் சிரித்தார்கள். தேர்வாளர்கள் தலையாட்டினார்கள். கடைசியில் பத்து வாக்கியம் எழுதச் சொல்லித் தாள்களை வாங்கி வைத்துவிட்டு அவர் வெளியே வந்தார்.

தம்பி தயாரித்து வைத்திருந்த பாடக் குறிப்பை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, வெறுங்கையோடு உள்ளே போனான். மாணவர்கள் சற்றுமுன் எழுதிய தாள்களைக் கேட்டு வாங்கிப் புரட்டினான். ஒரு மெக்கானிக்கின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

“ஐயா, ஒன்-வே ரோட்டுக்கு ஆன் போட்டிருக்கீங்க. ஏன்?”

“ஒ உயிரெழுத்துதானே சார்? அவருதானே அப்படிச் சொன்னாரு?”

“சரியாத்தான் யோசிச்சிருக்கீங்க. ஆனா நாம ‘ஒன்’னு சொல்றத இங்கிலீஷ்காரங்க ‘வன்’னு சொல்லுவாங்க. உதட்டக் குவிச்சு ஒரு தடவ சொல்லுங்க.”

“வன்… அப்ப வ வருது. எ போடணும்!”

அடுத்து ஒரு அம்மா. அவருக்கு விதி தெரியும். ஆள் முன்னால் எழுதப் பயந்து குத்துமதிப்பாகப் போட்டிருந்தார். அவரோடு வேறு விதமாகப் பேசினான். அப்புறம் இன்னொருவர். தேர்வாளர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து, “பாடத்த எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?” என்றார்.

“இருங்க சார், அவரு தப்ப இன்னும் பாத்து முடிக்கல” என்றார் மெக்கானிக்.

ஜன்னலோரம் நின்ற ஃபில்டர்காரர் நோட்டைத் திறந்தார். அக்கா எட்டிப் பார்த்தாள்.

“எழுதுங்க, எழுதுங்க. வகுப்பு முடிஞ்சு ஒரு நாளாவது உக்காந்திருந்தா இதையும் தூக்கியிருக்கலாம்.”

அவர் நோட்டை மூடினார்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. தம்பி துள்ளிக்கொண்டு படித்துக் காட்டினான். அக்கா நம்பவில்லை. வரிக்கு வரி தமிழில் சொல்ல வைத்தாள்.

“நிரந்தரம்னு எங்க போட்டிருக்கு? விரல வச்சுக் காட்டு.”

காட்டினான். அந்த வார்த்தையை எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மை விரலில் ஒட்டுகிறதா என்று தேய்த்தும் பார்த்தாள். அதற்கப்புறம்தான் சிரித்தாள்.