கிணறு இறைத்த நாள்

எங்கள் குடிநீர் நிலையத்தைத் திருத்திப் பெருப்பிக்கப் போகிறார்கள் என்றதும் எல்லாரும் புது வடிகட்டிகளைப் பற்றித்தான் கதைத்தார்கள். எனக்குப் பயம் நாங்கள் தண்ணீர் எடுக்கும் பழைய கிணற்றில் இருந்தது. அதை அடிவரை இறைத்து, சேறு அள்ளி, ஆழமாக்க வேண்டும். தண்ணீரைப் பரிசோதித்து, குடிக்கலாம் என்று கையெழுத்து வைப்பவள் நான். குளோரின் கூடவா குறையவா என்று என் கண்ணாடிக் குழாய்கள் சொல்லும். வேறு சிலவற்றைச் சொல்லாது.

சண்டைக் காலத்தில் நிலையம் இருக்கும் இந்த வளவு ஒரு இராணுவ முகாம். குருநகரில் இருக்கும் ஒரு அக்காவின் தம்பியை இந்த வாசல் படலைக்குள் கொண்டுபோனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்ததைக் கண்டவர் இல்லை. வீட்டுக்குக் குழாய் வந்த பிறகும் அக்கா எங்கள் தண்ணீரை வாயில் வைத்ததில்லை. அரியாலையில் சொந்தக்காரர் வீட்டுக் கிணற்றிலிருந்து கொண்டுவந்து குடிப்பார்.

ஒருமுறை அவர் வீட்டுக் குழாயில் மாதிரி எடுக்கப் போனேன். "நல்ல தண்ணி அக்கா, பயப்பிடாமல் குடியுங்கோ" என்று பெரிய கெட்டிக்காரி மாதிரிச் சொன்னேன்.

"என்ரை தம்பி உந்தக் கிணத்துக்குள்ளை கிடக்கிறான், தங்கச்சி. எப்பிடிக் குடிக்கிறது?"

அதற்குப் பிறகு எனக்கும் அந்தத் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கவில்லை. தேநீர் போட்டால் பரவாயில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். விசர் வேலைதான். கொதித்தால் மட்டும் என்ன மாறிவிடும்?

இறைத்த அன்று அக்கா காலையிலேயே வந்துவிட்டார். கையில் மெழுகுதிரியும், தோய்த்துக் காயவைத்து மடித்த வெள்ளைத் துணியும். ஒப்பந்தக்காரர் முகத்தைச் சுளித்தார். நான் ஒரு கதிரையை எடுத்துப் போட்டேன். பம்ப் இறைக்க இறைக்கப் பாசி பிடித்த சுவர் கறுப்பாக வெளியே வந்தது. கடவுளே, ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டினேன். அக்காவின் விரல்களில் செபமாலை நகர்ந்துகொண்டிருந்தது. அவரும் அதையேதான் வேண்டுகிறார் என்று நினைத்தேன்.

சேற்றை வாளி வாளியாகக் கொட்டி, கையால் தடவிப் பார்த்தோம். அறுந்து விழுந்த வாளிகள், ஒரு கப்பி, போத்தல்கள். கடைசியில் அடிக்கல் வெள்ளையாகத் தெரிந்தது.

எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்தேன்.

"ஒண்டும் இல்லை அக்கா. இனி நீங்கள் குடிக்கலாம்."

"வடிவாப் பாத்தனியளோ?"

"ஓம் அக்கா. அடிக்கல்லு வரைக்கும் பாத்தாச்சு."

அவர் அழவில்லை. எழும்பவும் இல்லை. தம்பி எங்கே என்று யாராவது கேட்டால் கை நீட்டிக் காட்ட இத்தனை வருடமும் அவருக்கு ஓர் இடம் இருந்தது. அதையும் நாங்கள் இல்லாமல் ஆக்கிவிட்டோம் என்பது அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்களிடம் அவர் மெதுவாகக் கேட்டார்.

"தம்பியவை, அடுத்ததா எந்தக் கிணறு இறைப்பியள்?"