கர்த்தர் ஞானம்மாள் அக்காவை அனுப்பினார்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவள். வாய் மட்டும் காலேஜ் வரைக்கும் போகும். அந்த வாயும் அடைத்துப்போன மூன்று மாதத்தைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்குக் கல்யாணமான மூன்றாவது வருஷம். தல்லாகுளத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் கலெக்டர் கச்சேரியில் டவாலிச் சேவகர். முதல் பிள்ளை வயிற்றில். ஐந்தாம் மாதம் என் ஆத்தா கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு வந்தாள். எங்கள் சபையில் வளைகாப்பு கூடாது, அது அஞ்ஞானம்.

"போதகருக்கு எங்கடி தெரியப்போகுது? முந்தானையில மூடிக்க" என்றாள்.

கைக்கு ஒன்பது போட்டுவிட்டாள். மூடிக்கொண்டேன். சிரித்துக்கொண்டேதான் மூடினேன்.

பத்தாம் நாள், ஐப்பசி மழை. இடுப்பில் வலி எடுத்தது. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மருத்துவச்சி அதைத் துணியில் சுற்றி என் வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். எனக்குக் காட்டவில்லை. எங்கே புதைத்தார் என்று அவரும் சொல்லவில்லை.

ஆளாளுக்கு வந்தார்கள். "கொடம் தூக்குனியா?" "பப்பாளி தின்னியா?" "போகுது விடு, அடுத்த வருசம் பெத்துக்கலாம்." பால் கட்டி நெஞ்சு கல்லாகக் கிடந்தது எனக்கு. யாரிடமும் பேசவில்லை. காரணம் எனக்குத்தானே தெரியும்? கர்த்தர் வேண்டாம் என்றதைப் போட்டேன். பிள்ளையை எடுத்துக்கொண்டார். வளையலைக் கழற்றி எறியவும் முடியவில்லை. அந்தப் பிள்ளைக்கென்று நடந்தது அது ஒன்றுதான்.

தினமும் ஒரே ஜெபம். "ஆண்டவரே, வேற பிள்ளை கேக்கல. நானா கொன்னேன்? அதை மட்டும் சொல்லும்." பதில் இல்லை. சாகலாமா என்றுகூட நினைத்தேன்.

வீடு வீடாக வேதம் வாசிக்க வரும் ஞானம்மாள் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியாது. மகா கண்டிப்பு. அவள் ஜெபிக்க ஆரம்பித்தால் அடுப்பில் சோறு குழைந்துவிடும். அவள் வந்தாலே நான் புழக்கடைப் பக்கம் ஒளிகிறவள். மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவள் வந்தபோது ஒளியவும் தெம்பில்லை. தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். முந்தானை விலகி வளையல் சத்தம் போட்டது.

அவள் என் கையைப் பிடித்தாள். சரி, கிழித்துத் தோரணம் கட்டப்போகிறாள் என்று நானே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் தன் வெறுங்கையை என் மடியில் வைத்தாள்.

"இந்தக் கையில ஒத்த வளையல் ஏறுனதில்ல, புள்ள. முழங்கால் தேய ஜெபம் பண்ணுனேன். எனக்கு மூணு போச்சு. உம் புள்ள வளையலுக்குச் செத்துச்சுன்னா, எம் புள்ளைக எதுக்குச் செத்துச்சு?"

"அக்கா..."

"யாருக்கும் தெரியாது. உங்கிட்டதான் சொல்றேன். நீ கொல்லல. நானும் கொல்லல." பிறகு கேட்டாள். "பேரு நெனச்சு வச்சிருந்தியா?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. சொன்னேன். உங்களுக்குச் சொல்லமாட்டேன். இரண்டுபேரும் கட்டிக்கொண்டு அழுதோம். அன்றைக்கு அவள் ஜெபிக்கவே இல்லை. எழுந்துபோய் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அதுதான் ஜெபத்துக்குப் பதில் என்று நினைக்காதீர்கள். நான் கேட்டதற்குப் பதில் அந்த மத்தியானமே வந்துவிட்டது. நான் பயந்து ஒளிந்த ஆளிடமே கொடுத்தனுப்பினார், அவருக்கும் கொஞ்சம் குசும்புதான். ஆனாலும் அந்த முதல் பிள்ளையை நினைத்தால் இன்றைக்கும் துக்கம்தான். அதை அவர் எடுத்துப்போடவில்லை. நானும் கேட்கவில்லை.

சகோதரிகளே, அழுதுகொண்டு கேளுங்கள், கோபமாகவும் கேளுங்கள். அவர் தாங்குவார். அவர் அனுப்புகிற ஆளை உள்ளே விடுங்கள்.

அக்கா காலமான பிறகு பிள்ளை கலைந்துபோன வீடுகளுக்கு நான் போகிறேன். போன வாரம் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சின்னப் பெண், நாலாம் மாதத்தில் கரு கலைந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"களையெடுக்கப் போனேன் அப்பத்தா. அதுனாலயா?"

"இல்லத்தா. நீ ஒண்ணும் செய்யல."

மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். பொழுது சாயும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.