தண்ணி குடிக்கறீங்களா கண்ணு?

திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியின் மாடியில்தான் என் ஆராய்ச்சிக்கூடம். பெயர்தான் பெரிது. உள்ளே ஒரு பாய், இரண்டு குட்டி நாற்காலி, ஒரு கேமரா. கீழே மெஷின் ஓடினால் தரை லேசாக அதிரும். டீ டைமில் சத்தம் நின்றதும் பிள்ளைகள் எல்லாம் ஒன்றுபோல நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குத் தங்களுக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்க எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதுதான் நான் இத்தனை வருடமாகக் கட்டிக்கொண்டு அழும் ஆராய்ச்சி. அழுததைவிடச் சிரித்ததுதான் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சிறுமியை முதலில் பார்த்தது அதே ஊர் ராயபுரத்தில் அவள் வீட்டில். ஐந்து வயது. அப்பா டெய்லர், அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங். சித்திரை வெயிலில் டவுன் பஸ்ஸில் வெந்து இறங்கி வாசலில் நின்றேன். அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"தண்ணி குடிக்கறீங்களா கண்ணு?"

உச்சி குளிர்ந்துவிட்டது. எனக்கு நாற்பத்தைந்து வயது; என்னைக் 'கண்ணு' என்று யாரும் கூப்பிட்டுப் பல காலம். "குடிக்கிறேம்மா" என்று உட்கார்ந்தேன். தண்ணீர் வரவில்லை. அவள் என் பையில் செருகியிருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துப் பார்த்து, கடைசியில் தன் கையைத் தானே கடித்துக்கொண்டு அலறத் தொடங்கினாள்.

அம்மா ஓடி வந்தார். "மேடம், தண்ணி வேணும்னு அவதானுங்க கேக்கறா. நாங்க அவளக் கேக்கறத அப்பிடியே திருப்பிச் சொல்லுவாளுங்க."

விஷயம் அவ்வளவுதான். கொங்கு வீடுகளில் குழந்தைக்கும் மரியாதை உண்டு. தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் "தண்ணி குடிக்கறீங்களா கண்ணு?" என்று கேட்டுத்தான் கொடுப்பார்கள். அதனால் அவள் கணக்கில் தண்ணீருக்குப் பெயரே அந்த முழு வாக்கியம்தான். அதைக் காதில் கேட்டவர்களோ "அடடா, என்ன ஒரு மரியாத! வேண்டாங் கண்ணு" என்று உருகிவிட்டுப் போவார்கள். அவள் தொண்டை வறண்டு கத்துவாள். உடனே சொந்தக்காரர்கள் பிடிவாதக்காரி என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பக்கத்திலிருந்த பள்ளியின் தலைமையாசிரியை ஏற்கெனவே சொல்லியிருந்தார்: தண்ணீரோ பாத்ரூமோ, தனக்கு வேண்டியதை வேற்று மனிதரிடம் கேட்கத் தெரிந்தால் அடுத்த வருடம் ஜூனில் சேர்த்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் முடியாது. பாத்ரூமுக்குக் கையைக் காட்ட அம்மா பழக்கியிருந்தார். தண்ணீர்தான் மிச்சம். வாசலோடு திரும்பி வந்த அந்த நாளைச் சொல்லும்போது அம்மாவின் குரல் இறங்கிவிடும்.

எங்கள் முறையில் மர்மம் ஒன்றும் இல்லை. சரியாகக் கேட்டால் கேட்டது கையோடு கிடைக்கும். கூடவே பிடித்தமான ஒரு சின்னப் பரிசும். பழைய வாக்கியத்தைச் சொன்னால் சிரிக்கவும் கூடாது, பதில் சொல்லவும் கூடாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, சரியான வாக்கியத்தை எடுத்துக்கொடுத்துக் காத்திருக்க வேண்டும். சாக்லேட்டை அவள் சீந்தவில்லை. சட்டையில் ஒட்டும் சைஸ் ஸ்டிக்கர் என்றால் உயிர். ஒட்டுவதற்கு அவளுக்கு அகப்பட்ட சுவர் நான். ஒருநாள் முதுகில் 'எக்ஸ்எல்' ஒட்டியிருந்தது தெரியாமல் ஒரு கல்யாணத்துக்கே போய்விட்டேன். "அளவு சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றார் என் கணவர். வீடு வரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

"தண்ணி வேணும்" என்று கற்றுக்கொடுத்தேன். மாடி அறையில் அழகாகச் சொன்னாள். வாரக் கடைசியில் அவள் அப்பா வந்தார். முகம் சரியில்லை.

"ஏனுங்க மேடம், 'வேணும்'னு மொட்டையா சொல்றாளுங்களே. பெரியவங்ககிட்ட அப்பிடிப் பேசலாமுங்களா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. பிள்ளை வாய் திறந்ததே பெரிது, அதில் 'ங்க' ஒரு கேடா! திருநெல்வேலிக்காரி நான், எங்கள் பக்கம் 'வேணும்' என்றால் வேணும், அவ்வளவுதான். ஆனால் யோசித்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அவள் தண்ணீர் கேட்கப்போவது இந்த ஊரில், இந்த மனிதர்களிடம். "தண்ணி வேணுங்க" என்று மாற்றினோம். சென்னையிலிருந்து என் பேராசிரியை போனில் காரணம் கேட்டார். "மேடம், 'ங்க' போடாவிட்டால் திருப்பூரில் தண்ணீர் கிடைக்காது" என்றேன்.

அடுத்த தொல்லை, தெரு. பழைய வாக்கியத்தை அவள் சொல்லும்போதெல்லாம் அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாள் கன்னத்தைக் கிள்ளி, விழுந்து விழுந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பைவிடப் பெரிய பரிசை நான் எங்கே போய் வாங்குவது? கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்று தினமும் கெஞ்சினேன். கடைசியில் அவர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடப் பழகினார். அம்மா சாயந்திரம் கம்பெனி வேனிலிருந்து இறங்கியதும் மகளைக் கூட்டிக்கொண்டு மளிகைக்கடை, டீக்கடை என்று போய் ஒவ்வொருவரிடமும் கேட்க வைத்தார். மழைக்காலம் போய்ப் பனிக்காலமும் முடிவதற்குள் பழைய வாக்கியம் மறைந்தே போனது. நான் மைசூர்பா வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன்.

அம்மா அதில் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நல்லதுதானுங்க மேடம். ஆனா 'கண்ணு'ங்கறதயும் உட்டுட்டா. என்னைய அம்மான்னுகூடக் கூப்புட்டதில்லீங்க, அந்த ஒரு வார்த்ததானுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இன்னொரு மைசூர்பா எடுத்துக் கொடுத்தேன்.

பங்குனியில் மறுபடி பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியை பெயர் கேட்டார், நிறம் கேட்டார். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் விரல்கள் சேலை நுனியைத் திருகின. அப்போது மேஜை மேலிருந்த ஜக் அவள் கண்ணில் பட்டது. எழுந்தாள். தலைமையாசிரியையின் பக்கத்தில் போய் நின்றாள்.

"தண்ணி வேணுங்க."

அவர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். பாதி குடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஜூன்ல கூட்டிட்டு வந்து சேத்துருங்க" என்றார்.

அம்மா உடைந்துவிட்டார். இத்தனை மாதம் அடக்கியதெல்லாம் பொங்கி, சேலையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிறுமி குடிப்பதை நிறுத்தினாள். அம்மாவைப் பார்த்தாள். பாதி டம்ளரோடு நடந்து வந்து, அதை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"தண்ணி குடிக்கறீங்களா கண்ணு?"

பழக்கதோஷம், நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. ஈரக் கண்ணோடு என்னைப் பார்த்தார், பதில் சொல்லலாமா என்று அனுமதி கேட்பதுபோல. சரியென்று தலையை ஆட்டினேன்.

"குடிக்கறனுங்க கண்ணு" என்று சொல்லி அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டார்.