சிவப்புக் கோட்டும் வெடிமருந்தும்

பழைய போர்களை நடித்துக்காட்டும் எங்கள் குழு மொன்றியல் ஆற்றங்கரையில் பீரங்கியை முழக்கியது. குண்டு கிடையாது, மருந்து மட்டுந்தான். அந்தக் கால ஆங்கிலச் சிப்பாயின் சிவப்புக் கோட்டோடு திரியில் தீ வைத்தவன் நான்.

புகை மூக்கில் ஏறியதும் மறுபடி சிறுவனாய் யாழ்ப்பாணத்துப் பங்கருக்குள், எங்கள் வீட்டுப் பதுங்குகுழிக்குள் இருந்தேன். ஈரமண் வாசனை, பனங்குற்றிகளுக்கிடையே உதிரும் மணல். ஆமி இருந்த கோட்டையிலிருந்து ஷெல் கிளம்பினால் அம்மா எங்கள்மேல் கவிழ்ந்து படுப்பார்.

"வாயைத் திறங்கோ பிள்ளையள், இல்லாட்டிக் காது வெடிச்சிடும்."

குழுவைத் தொடங்கிய கிழவரும் நான் சேர்ந்த முதல்நாள் அதையேதான் சொல்லித் தந்தார். "எனக்குத் தெரியும்" என்று பெருமையடித்திருந்தேன்.

கைதட்டல் ஓய்ந்ததும் திரும்பினேன். போன மாதம்தான் என் ஸ்பொன்சர் விசாவில் கனடா வந்த அம்மாவை, என்ன நிகழ்ச்சி என்று சொல்லாமலே கூட்டிவந்திருந்தேன். அவர் புல்லில் என் மகள்மேல் கவிழ்ந்து கிடந்தார்.

ஓடிப்போய், "இது சும்மா விளையாட்டம்மா" என்றேன்.

மகளின் சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டபடி அம்மா கேட்டார்: "ஷெல் அடிச்சது நீயோ, தம்பி?"