திருப்பு, தூக்கு, சாய்

திண்டிவனத்தில் வரைபடத் தாள் வாங்கிக்கொண்டு செஞ்சிக் கடைத்தெருவில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "உங்க மூணு கோணம் சாரு போய்ட்டாரு சாரே. கல்லு சாஞ்சிடுச்சி."

மூணு கோணம் சார் என்றால் எங்கள் அலுவலக ஓவர்சியர் தன்யகுமார். தொண்டூர்க்காரர். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர்.

அந்தப் பட்டப்பெயர் இதே டீக்கடையில் கிடைத்தது. கோட்டைச் சாலைத் திறப்பு விழாவுக்காக, மந்திரி பெயர் வெட்டிய பெரிய கல்லைச் சரிவான சாலையோரத்தில் நிறுத்த வேண்டும். எழுத்து மேலே தெரிய அது மல்லாந்து கிடந்தது. தன்யகுமார் மேசையில் ஒரு தீப்பெட்டியை மல்லாத்தினார்.

"ஒரு பொருள் எங்க இருக்குதுன்னு சொன்னா போதாது, எப்படி இருக்குதுன்னு சொல்லணும். அதுக்கு மூணு கோணம் வேணும். படுத்தபடியே எவ்வளவு திருப்புறது, எவ்வளவு தூக்குறது, சரிவுக்கு எவ்வளவு சாய்க்கிறது."

திருப்பிவிட்டுத் தூக்கினார், பெட்டியின் படம் எங்களைப் பார்த்தது. மறுபடி மல்லாத்தி, திருப்பாமல் தூக்கினார். படம் அடுப்பைப் பார்த்தது.

கல் தூக்கும் கன்னியப்பன் சிரித்தான். "தூக்கிட்டு அப்பறமா திருப்பிக்கினா இன்னா சாரே? மந்திரி ஓடிப்புடுவாரா?"

"தீப்பெட்டின்னா திருப்பலாம் கன்னியப்பா. நின்ன கல்லத் திருப்பினா அது உன் மேல படுக்கும். எது முதல்ல, அத கேளு."

எதற்கும் அதைத்தான் கேட்பார். எது முதல்ல?

நான் திண்டிவனம் போயிருந்த அந்த விழா நாள் காலையில், எங்கள் அதிகாரி அவரைக் கல்லருகே இருக்க விடவில்லை. பந்தலில் நாற்காலி வரிசையைப் பார்க்க அனுப்பினார். அவசரத்தில் இருந்த காண்ட்ராக்டர் திருப்பாமலே கல்லைத் தூக்கி, சரிவுக்கு ஆப்பு அடித்து நிறுத்திவிட்டார். மந்திரியின் பெயர் முள்வேலியைப் பார்த்தது. தன்யகுமார் ஓடி வந்து, கல்லை மறுபடி படுக்கவைக்கச் சொன்னார்.

"படுக்க வைக்க நேரமேது? அப்படியே திருப்புங்கய்யா" என்றார் அதிகாரி.

மீதியைக் கன்னியப்பன் சொன்னான். "கல்லு திரும்பனதும் ஆப்பு எடம் மாறிப்போச்சி. அத சரி பண்ண நான் குனியப் போனேன். 'நீ தள்ளு, உனக்குப் புள்ளைங்க இருக்குது'ன்னு அவரே குனிஞ்சாரு. அவருக்கு மட்டும் இல்லியா சார்?"

விழா ஒரு நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான். மறுநாள் அதே கல்லைக் கழுவி, படுத்தபடியே திருப்பி, பிறகு தூக்கி, கடைசியில் சரிவுக்குச் சாய்த்து நிறுத்தினார்கள். அவர் சொன்ன வரிசை. அவர் சொன்ன கோணங்கள். இம்மிகூட அசையவில்லை. மந்திரி மாலை போட்டுக்கொண்டு போனார்.

அதன்பின் அதிகாரி, அலுவலகத்தில் வரைபடம் போடும் என்னைக் கூப்பிட்டார். "கோணக் கணக்கு தப்புன்னு எழுதிக் குடுப்பா. போனவன் வந்து கேக்கப் போறானா?"

தன்யகுமாரின் மனைவியிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். புருஷன் தன் தப்பாலேயே செத்தான் என்று நம்பிக்கொண்டு அந்தப் பெண் பிள்ளைகளை வளர்க்க வேண்டுமாம்.

நான் எழுதித் தரவில்லை. தொண்டூருக்குப் போய், தீப்பெட்டியை வைத்து அவர் மனைவியிடம் காட்டிவிட்டு வந்தேன். இதைப் படிக்கும் உங்களுக்கும் சொல்கிறேன்: தன்யகுமாரின் கணக்கு சரி. அலுவலகத்துக்கும் ஒரு வரிசை இருந்தது. முதலில் மந்திரி, அடுத்தது கல், கடைசியில் மனிதன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு கேள்விதான். அடுத்த கல்லைத் தூக்கச் சொல்லும்போது, அதிகாரியின் முகத்துக்கு நேராகக் கேட்பேன்.

எது முதல்ல?