முதல் மடக்கு

கடையில் இருந்த பெண் பையை என் தோளில் மாட்டிவிட்டு, அதிலிருந்து நீண்ட குழாயை என் உதட்டருகே கொண்டுவந்தாள். "நுனியக் கடிச்சு உறிஞ்சிப் பாருங்க அங்கிள், தண்ணி தானா வரும்" என்றாள். முதுகில் மாட்டிக்கொள்ளும் பை அது. உள்ளே மூன்று லீட்டர் தண்ணீர் பிடிக்கும் ஓர் உறை, அந்த உறையிலிருந்து தோள் வழியாக வாய்க்கு வரும் ஒரு குழாய். நடந்துகொண்டே குடிக்கலாம், நின்று போத்தலைத் தேட வேண்டாம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் அக்கா மகள் கலவானைப் பக்கம் காட்டோரத்தில் மூன்று வாரம் நீரோடைகளை அளக்கப் போகிறாள். "நல்லா ஒழைக்கிற பையா பாத்து வாங்கிட்டு வாங்க மாமா, மலையேறி எறங்குன ஆளு நீங்கதானே" என்று என்னிடம் பொறுப்பை ஒப்படைத்திருந்தாள். கடைப்பெண் துணியின் கெட்டியையும் தையலையும் சிப்பையும் இழுத்து இழுத்துக் காட்டினாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. உதட்டுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த அந்தக் குழாயை விரலால் ஒதுக்கிவிட்டேன். ஐம்பதை நெருங்கும் ஆண்பிள்ளை, ஒரு வாய் தண்ணீருக்குப் பயந்து நிற்கிறேன்.

நான் முதன்முதலில் பார்த்த தண்ணீர்ப் பை கடையில் வாங்கியதல்ல. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில், என் அக்காவின் கணவர் செய்தது. நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். இரண்டாயிரத்து நாலாம் வருஷம். மச்சான் புல்லைக் கொல்லும் மருந்தடிக்கும் கேங்கிற்குக் கங்காணி. அவருக்குக் கீழே நாலு பேர் முதுகில் டாங்கியை மாட்டிக்கொண்டு மருந்தடித்தார்கள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பீலிக்கரையில், மலைத்தண்ணீர் வந்து விழும் குழாயடியில், டாங்கிகளில் தண்ணீர் நிரப்பி, அளவுக் கப்பில் மருந்தை அளந்து ஊற்றிக் கலக்கிக் கொடுப்பது என் வேலை. பெரிய வேலையென்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். தோட்டத்துத் துரை ஒருமுறை "கவனம்" என்று சொல்லிவிட்டுப் போனதையே பட்டமாக எடுத்துக்கொண்டவன் நான்.

மேல்மலையில் குடிதண்ணீர் கிடையாது. வெயிலில் காலை பத்து மணிக்கெல்லாம் நாக்கு வறண்டு, ஆட்கள் பீலிக்கு இறங்கி ஏறுவதிலேயே பாதி நேரம் போகும். போத்தல் கொண்டுபோனால் செடிக்கடியில் வைத்துவிட்டு எங்கே வைத்தோமென்று மறப்பார்கள். வேறு தோட்டங்களில் காலியான மருந்துக் கலனைக் கழுவிக் குடிதண்ணீர் கொண்டுபோவதை மச்சான் பார்த்திருக்கிறார், அதைச் சொன்னாலே அவருக்குக் கோபம் வரும். "எத்தன தடவ கழுவினாலும் வெசம் வெசந்தான்" என்பார். அவர் வேறு வழி பார்த்தார். ஸ்டோரில் ஒரு புது டாங்கி, வந்தபோதே உள்ளே பம்ப் உடைந்து, ஒரு நாளும் மருந்து படாமல் மூலையில் கிடந்தது. ஸ்டோர்காரரிடம் ஒரு வாரம் நச்சரித்து அதை வாங்கினார். வாய் வைத்து உறிஞ்ச டவுனில் புதுக் குழாய் வாங்கிப் பொருத்தினார். தோள் அறுக்காமல் இருக்க வார்களுக்குச் சாக்குத் துணி வைத்துத் தைத்தார். மற்ற நாலும் அதே நீலம், அதே உருவம் என்பதால், அக்காவின் பழைய மஞ்சள் தாவணியில் ஒரு முழம் கிழித்து வாரில் கட்டினார். மஞ்சள் துணி கட்டியது தண்ணி, கட்டாதது மருந்து. அவ்வளவுதான் கணக்கு, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்.

அப்படியிருந்தும் அவருக்குத் திருப்தியில்லை. இன்னொரு சட்டமும் போட்டார். பத்து மணிக்கு எல்லாரும் வந்து கூடினால் முதல் மடக்கை அவர்தான் குடிப்பார். "மொத மடக்கு எனக்கு. குடிச்சிட்டு நான் நின்னு பேசிக்கிட்டு இருந்தேன்னா நீங்க குடிங்க" என்பார். எல்லாரும் சிரிப்போம். கங்காணி என்ற கெத்துக்காகத்தான் முதலில் குடிக்கிறார் என்று நான்கூட அக்காவிடம் கோள் மூட்டியிருக்கிறேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் டாங்கிகளையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினோம். மருந்து பீச்சும் குழாய் முனைகளைக் கழற்றித் தனியாக ஒரு கூடையில் போட்டோம். பிரட்டுக்களத்தில், காலையில் ஆள் பிரிக்கும் அந்த இடத்தில், கவ்வாத்துக் கத்திகள், மண்வெட்டிகள், டாங்கிகள் எல்லாவற்றையும் அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைப்பது வழக்கம். ஐந்து டாங்கிகளில் ஒன்று மட்டும் மஞ்சள் துணியோடு மங்களகரமாக இருக்க, மற்ற நாலும் மொட்டையாக இருப்பது எனக்குக் குறையாகப் பட்டது. அக்காவிடம் போய் மீதித் தாவணியை வாங்கி நாலு துண்டாகக் கிழித்து நாலிலும் கட்டினேன். அக்கா அப்போது ஏழு மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "டாங்கிக்கெல்லாம் தாலி கட்டுறியாடா, ஒனக்கு எப்பக் கட்டப் போற?" என்று கேலி செய்தாள். ஒருவருக்கும் எதுவும் உறைக்கவில்லை. சாமி கும்பிட்டோம், சுண்டல் தின்றோம்.

பூஜை முடிந்த மறுநாள் காலை பீலிக்கரையில் ஐந்து டாங்கிகளும் வரிசையாக நின்றன. ஐந்திலும் மஞ்சள் துணி, ஐந்திலும் குங்குமம், ஒன்றிலும் குழாய் முனை இல்லை. மச்சான் ஆட்களை மேலே எந்த வரிசையில் நிறுத்துவதென்று பார்க்கப் போயிருந்தார். நான் எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பினேன். தண்ணி டாங்கியை எப்போதும் கடைசியில் வைப்போம். அதே பழக்கத்தில் முதல் நாலில் மருந்தை ஊற்றினேன், ஐந்தாவதை விட்டேன். கழுவி அடுக்கியதில் வரிசை மாறியிருக்கும் என்று என் புத்தியில் படவேயில்லை. மச்சான் இறங்கி வந்து, சாக்குத் துணி வைத்த தன் டாங்கியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். அது மூன்றாவதாக நின்றது. நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை.

மலையேறி வந்த தாகத்தில் பத்து மணிக்கு நான்தான் முதலில் ஓடினேன். குழாயைப் பிடித்து வாயருகே கொண்டுபோனேன். மச்சான் என் புறங்கையில் சுள்ளென்று தட்டி, "மொத மடக்கு யாருக்குடா?" என்று சிரித்துக்கொண்டே குழாயைப் பிடுங்கினார். நீளமாக ஒரு இழுப்பு இழுத்தார். அந்த முகம் மாறியதை நான் இன்றுவரை மறக்கவில்லை. கன்னம் உப்பியபடி அப்படியே நின்றார், பிறகு துப்பினார், குனிந்து மறுபடி மறுபடி துப்பினார். "இது தண்ணியில்ல. யாரும் தொடாதீங்க. கொஞ்சம் உள்ள போயிருச்சு" என்றார். பிறகு மற்ற நாலு பேரின் தோளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலு மஞ்சள் துணி. கடைசியாக என்னைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

தோட்டத்து லொறியில் கேகாலை ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அவர் கையைப் பிடித்திருந்தேன். அந்த மருந்தைக் குடித்தவர்களைப் பற்றி எங்களுக்குத் தெரியும். முதல் நாள் நன்றாகப் பேசுவார்கள், நாலாம் நாள் மூச்சு வாங்கும், பிறகு பெட்டி வரும். வளைவுகளில் லொறி சாய்ந்தபோதெல்லாம் அக்காவின் வயிறுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த சிங்கள டாக்டர் சின்ன வயதுப் பெண். டாங்கியில் மருந்து இருந்ததா, கழுவின சோப்புத் தண்ணீர்தானா என்று கேட்டாள். மச்சான் தனக்குத் தெரியாது என்று தலையாட்டினார். அவள் என் பக்கம் திரும்பி, "ஹரியட்ட கியன்ட மல்லி. பெஹெத் திபுணாத, நெத்த?" என்றாள். சரியாகச் சொல் தம்பி, மருந்து இருந்ததா இல்லையா. இருந்தது என்று சொன்னால் ஊற்றியவன் நான் என்றாகிவிடும். இல்லை என்றால் சோப்புத் தண்ணீருக்கான வைத்தியம் நடக்கும். நான் உடனே பதில் சொல்லவில்லை. எத்தனை நொடி நின்றேனோ தெரியாது, அந்த நொடிகளுக்காக இன்றும் கூசுகிறேன். பிறகு "திபுணா. எக்க கோப்பயக்" என்றேன். இருந்தது, ஒரு கப். தமிழில் கேட்டிருந்தால் எனக்கு வாய் வந்திருக்காது. மச்சானுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கரியைக் கரைத்த கறுப்புத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொடுத்தார்கள். தண்ணீரில் கலந்த மருந்து என்பதாலும் பெரும்பாலும் துப்பிவிட்டதாலும் பிழைக்க இடமுண்டு, ஆனால் பத்து நாள் போனால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றாள் டாக்டர். வாய் முழுக்கப் புண். கறுத்த பல்லைக் காட்டி, "மலையெல்லாம் நான் கருக்குனேன் மாப்ள, இப்ப என் வாயக் கருக்கிட்டாங்க" என்றார் மச்சான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் வேகமாக ஏறினால் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். அக்கா வந்து கட்டிலோரம் நின்று, "எப்பிடிங்க மாறுச்சு?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார். "நாந்தான் பாக்காம டாங்கிய மாத்தி எடுத்துட்டேன். யாரையும் கொற சொல்லாத" என்றார். விசாரிக்க வந்த துரையிடமும் அதையே சொன்னார். அக்கா என்னைப் பார்த்து, "நீ சொல்லக் கூடாதாடா இவருக்கு, பாத்து எடுங்கன்னு?" என்று அழுதாள். நான் தரையைப் பார்த்தேன். அது மௌனமல்ல, பொய். எனக்குத் தெரியும்.

நாலாம் நாள் வேலைக்குப் போனபோது மலையைப் பார்த்து நின்றுவிட்டேன். மருந்தடித்த இடமெல்லாம் புல் கருகிக் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு வரிசை மட்டும், மேலிருந்து கீழ்வரை, பச்சைப் பசேலென்று நின்றது. நான் மருந்து ஊற்றாமல் விட்ட ஐந்தாவது டாங்கி. அதை மாட்டியிருந்தவர் அந்த வரிசை முழுக்க வெறும் தண்ணீரை அடித்திருக்கிறார். மச்சான் சொன்னபடி டாங்கியை மாற்றி எடுத்திருந்தால் ஆளின் முதுகுக்குப் போயிருக்க வேண்டியது பம்ப் உடைந்த தண்ணி டாங்கி, அதில் அடிக்கவே முடியாது, பிறகு பம்ப் உள்ள டாங்கியில் வெறும் தண்ணீர் எப்படி வந்தது? யோசிக்கிற எவனுக்கும் அந்தப் பச்சை என் பெயரைச் சொல்லிக்கொடுத்துவிடும். நாங்கள் குடியிருந்த லயத்திலிருந்து பார்த்தால்கூடத் தெரிந்தது. மறுநாள் விடியும்போதே போய், குனிந்து, அந்த வரிசைப் புல்லைக் கையாலேயே பிடுங்கினேன். அட்டை கடித்ததுகூடத் தெரியவில்லை. வெளிச்சம் வந்து நிமிர்ந்து பார்த்தபோது கால்வாசிதான் முடிந்திருந்தது. மச்சான் மூச்சுக்குப் போராடுகிற நேரமாக இருக்கலாம், நான் இங்கே புல் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது அங்கேயே உட்கார்ந்து அழுதேன். என் உயிருக்கு நான் அப்படிப் பயந்ததில்லை.

பத்து நாள் போனது. மூச்சு வாங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் பஸ்ஸில் வந்து இறங்கி, தோட்டத்து மேட்டில் நிற்காமல் நடந்து ஏறினார் மச்சான். நான் பின்னால் நடந்தேன். வழியில் அந்தப் பச்சை வரிசையைப் பார்த்தார். மேலே கொஞ்சம் மட்டும் மொட்டையாகப் பிடுங்கப்பட்டிருந்ததையும் பார்த்தார். "கையாலயா புடுங்குன?" என்று மட்டும் கேட்டார். "ஆமாங்க மச்சான்" என்றேன். இரண்டு மாதத்தில் மகள் பிறந்தாள். நான் தோட்டத்தை விட்டுக் கேகாலையில் ஒரு கடையில் சேர்ந்தேன். பிறகு எத்தனையோ பொங்கல், தீபாவளி ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறோம். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவேயில்லை.

கடைப்பெண்ணிடம் உறையை வெளியே எடுத்துக் காட்டச் சொன்னேன். பச்சைப் பை அழுக்குத் தெரியாது என்றாள், கறுப்பு நாள்பட உழைக்கும் என்றாள். கெட்டி இருக்கட்டும், இரட்டைத் தையலும் இருக்கட்டும். உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும், கையை விட்டுக் கழுவ வாய் அகலமாக இருக்க வேண்டும், காட்டில் வேறெதற்கும் இல்லாத நிறமாக இருக்க வேண்டும் என்றேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கண்ணைக் குத்தும் செம்மஞ்சளில் ஒன்றைக் கொண்டுவந்தாள். குடித்துப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வந்தாள். உறையைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, பையில் வைத்து மூடினேன். குழாய்க்கு அவள் கை நீட்டியபோது என்னையறியாமல் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். குழாயை என் வாயில் வைத்து உறிஞ்சினேன். வாயிலேயே வைத்திருந்தேன். பிளாஸ்டிக் வாசம், தண்ணீர், வேறொன்றுமில்லை. விழுங்கினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீங்களும் அப்பா மாதிரியே பண்றீங்க மாமா. வீட்டுல எது வந்தாலும் மொத மடக்கு அவருதான். ஏம்பான்னு கேட்டா, ஒங்க மாமாவக் கேளு, அவன் சொல்றப்ப கேட்டுக்கன்னு சொல்றாரு. எப்பக் கேட்டாலும் அதே பதிலு. ஏன் மாமா?"

ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் நின்ற அதே பயம், கொஞ்சமும் குறையாமல் அப்படியே வந்து நின்றது. இந்த முறை சொல்வதற்கு வேறு பாஷை கிடையாது. பையை அவள் மடியில் வைத்தேன். எதிரே உட்கார்ந்தேன்.

"அன்னைக்குக் காலையில அஞ்சு டாங்கி இருந்துச்சும்மா" என்றேன்.