தூசி எழும்பிய இடம்

மக்கத்துக்குப் போய்த் திரும்பிய ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் வத்தேகமக்காரர்கள் எங்கள் மாமா வீட்டுக்குத்தான் வரவேண்டும். கோப்பி வாங்கி விற்கும் கடையை மாமா அடைத்ததும் வீட்டு முன்கூடம் நிறைந்துவிடும். கதிரையில் சாய்ந்தபடி புழுதிப்புயல் கதையைத் தொடங்குவார். தெரு காயாத மழை ஊரில் புழுதிக்கு அப்படியொரு மவுசு.

மாமி, என் வாப்பாவின் தங்கை, அவரோடு போய்வந்தவர்தான். ஆனால் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் சிறுபிள்ளையான என்னோடு உட்கார்ந்து கோப்பிக்கொட்டையில் கறுத்துக் கெட்டதைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்.

கதை இதுதான். மதீனாவுக்குப் போகும் வழியில் நடுப்பகலில் வானம் பழுப்பாகிவிட்டது. ஒட்டகக் கூட்டத்தில் பாதிப் பேர் காற்றுக்கு ஒதுங்கப் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கினார்கள். மாமா மட்டும் தம்மோடு வந்தவர்களைக் கல்மேட்டில் ஏற்றினார். மேட்டில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். பள்ளத்தில் இறங்கியவர்களில் சிலர் மூச்சு முட்டி அங்கேயே அடங்கிவிட்டார்கள். இந்த இடத்தில் எல்லாரும் மாமாவை வாய்பிளந்து பார்ப்பார்கள். நானும் திரை இடுக்கால் பார்ப்பேன்.

ஒரு நாள் தோட்டத்துக் கங்காணி ஒருவர் வந்திருந்தார். கடல் கடந்து மன்னாரில் இறங்கி, வறண்ட காடெல்லாம் நடந்தே மலைக்கு வந்தவர். "பள்ளத்துலதானே ஹாஜியார் காத்து அடங்கும்? நீங்க ஏன் மேட்டுக்கு ஏறுனீங்க?" என்று கேட்டார்.

மாமா தாடியைத் தடவினார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மாமியின் கை நின்றது. திரைக்குப் பின்னாலிருந்தே பேசினார்.

"தூசி எழும்பினதே அந்தப் பள்ளத்துலேந்துதான். அங்க ஒரு காலம் தண்ணி நிண்டீக்கு. வண்டல் காஞ்சி வெடிச்சி, மேல்மண் மா மாதிரி கெடந்திச்சி. மணல் கனம், காத்து தூக்கினாலும் கிட்டத்துலயே விழுந்துடும். வானத்த மூடுறது இந்த மாவுதான். கலகெதரயில எங்கட வயல்லயும் வெள்ளம் வத்தினா இப்பிடித்தான் படியும்."

சற்று நிறுத்தி, "எறங்க வேணாமெண்டு நான் ஒட்டகக் கயித்தப் புடிச்சிக்கிட்டு அழுதேன்," என்றும் சொன்னார்.

எனக்குப் பயமாகிவிட்டது. அந்நிய ஆண்கள் இருக்கும்போது மாமியின் குரல் எழுந்ததை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மாமா தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். பிறகு, "ஓ, நான் பள்ளத்துக்குத்தான் திருப்பினேன். அவதான் விடல்ல," என்றார். கங்காணி எழுந்து திரையை நோக்கிக் கைகூப்பினார்.

அதன் பிறகும் மாமா கதை சொல்வதை நிறுத்தவில்லை. ஆனால் ஒட்டகங்கள் பள்ளத்தின் விளிம்புக்கு வந்ததும் பேச்சை விட்டுவிட்டு, திரைப் பக்கம் திரும்பிக் காத்திருப்பார். மீதியை மாமி சொல்வார். இத்தனை பேருக்கு முன்னால் மாமாவுக்கு அந்த இடம் மறந்துபோகிறதே என்று எனக்குப் பரிதாபமாக இருக்கும். ஒரு தடவை பொறுக்கமாட்டாமல், "கல்மேட்டுக்கு ஏறினீங்க மாமா!" என்று உரக்க எடுத்துக்கொடுத்தேன். மாமி சட்டென்று என் வாயைப் பொத்தினார். அந்தப் பக்கம் மாமா சிரித்தார்.

மறந்தவர் ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.